ஓடுகிற வண்டியில் கை வைக்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



பாலிடெக்னிக்கில் சேர்ந்து முதல் செமஸ்டர் முடிவதற்குள்ளாகவே நாம் ஊரில் 'இன்ஜினியர்' ஆகிவிடுகிறோம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடவில்லையா, கூப்பிடு அவனை! கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லையா, கூப்பிடு அவனை! அதிலும் ஆட்டோமொபைல் படிக்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். டீக்கடையில் நின்றால்கூட, "தம்பி, இந்த வண்டில ஒரு சத்தம் வருது, கொஞ்சம் என்னன்னு பாரு" என்று ஒருவர் வந்துவிடுவார்.

அப்படி வருகிற கேள்விகளில் ஒன்றைத்தான் இந்த மலரில் எழுத எடுத்துக்கொண்டேன். "வண்டி வாங்கி இருபது வருஷம் ஆச்சு. கிளட்ச் ஆயில் ஒரு தடவைகூட மாத்தினதா ஞாபகம் இல்ல. இப்ப மாத்தலாமா, அப்படியே விட்டுடலாமா?"

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கு இரண்டு கட்சி இருக்கிறது. "ஓடற வண்டில கை வைக்காதே" என்பது ஒரு கட்சி. "புத்தகத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறது, மாற்று" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பழைய வண்டியில் கிளட்ச் ஆயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். என்னென்ன நடக்கலாம் என்பதை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். இதுவே என் தாழ்மையான கருத்து.

குழாய்க்குள் இருப்பது என்ன?

மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வண்டியிலும் கிளட்ச் ஆயில் கிடையாது. மாருதி 800-ல் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிள். அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. டொயோட்டா குவாலிஸ் போன்ற வண்டிகளில்தான் ஹைட்ராலிக் கிளட்ச். 2000-ஆம் ஆண்டில் வந்து 2005-ல் விற்பனை நின்றுபோன வண்டி அது. கடைசியாக வந்த குவாலிஸுக்கே இருபது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் ஊர்ப்பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாகக் கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று சொன்னால் பட்டறையில் எல்லோருக்கும் புரியும். கீழ் சிலிண்டரின் பிஸ்டன் ஃபோர்க்கைத் தள்ள, பிளேட் விடுபடுகிறது. நாம் கியரை மாற்றுகிறோம். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று நாம் மனப்பாடம் செய்த பாஸ்கல் விதி, ஒவ்வொரு டிரைவரின் இடது காலுக்கடியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது!

ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது இன்ஜின் ஆயில் வகையறா அல்ல. பிரேக்குக்கு ஊற்றுகிற அதே திரவம்தான். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. கிளைக்கால் வகை ரசாயனங்களால் ஆனது. இதில் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். அப்புறம் ஆயில் மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு போய், சிலிண்டரையே மாற்றுகிற பேச்சாகிவிடும்.

வயதானால் என்ன ஆகிறது?

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் கசிந்து நிற்கும். இந்தத் திரவத்துக்கும் அதே குணம். மூடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி இருந்தால் போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. டாட் 4-க்கு இந்தக் கணக்கு 230, 155.

இதைச் சொல்லி, "பாருங்கள், கொதித்துவிடும், உடனே மாற்றுங்கள்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பிரேக்கைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயம். மலை இறங்கும்போது காலிப்பர் பக்கம் கொதிக்கிற சூடு வரும், திரவம் ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஆனால் கிளட்ச் திரவத்துக்கு அவ்வளவு சூடு பெரும்பாலும் வருவதில்லை. நம் கட்சி பலமாக வேண்டும் என்பதற்காகப் பிரேக்கின் பயத்தைக் கிளட்சின் தலையில் கட்டக் கூடாது.

அப்படியானால் எதற்கு மாற்றுவது? துருவுக்காகத்தான். ஈரம் சேர்ந்த திரவம் சிலிண்டரின் உள் சுவரை அரிக்கிறது. ஊசி முனை அளவுக்குப் பள்ளம் விழுந்தாலே போதும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ரப்பர் கப்பின் உதடு அந்தப் பள்ளத்தின் மேல் உரசிக்கொண்டு போகிறது. ஒரு நாள் அறுந்துவிடுகிறது. திரவம் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் வயது மட்டுமல்ல, தேய்ந்த ரப்பரும் உலோகத் தூளும் அதில் கலந்திருப்பதுதான்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. இன்ஜின் ஆயில் சுற்றி வருகிறது. கிளட்ச் ஆயில் சுற்றுவதில்லை. அது ஒரு முட்டுச் சந்து. மிதித்தால் போகிறது, விட்டால் வந்த வழியே திரும்புகிறது. ஆகவே மேலே டப்பாவில் புது ஆயில் ஊற்றினால் டப்பா மட்டும்தான் தேன் நிறத்தில் பளபளக்கும். கீழ் சிலிண்டரில் இருபது வருடத்து அழுக்கு அப்படியே கிடக்கும். பிரேக் டப்பாவிலிருந்தே கிளட்சுக்கும் ஆயில் எடுக்கிற வண்டிகளிலும் இதே கதைதான். பிரேக் ஆயிலை மாற்றினால் கிளட்ச் குழாயில் இருப்பது தானாக மாறிவிடாது. டப்பாவை எட்டிப் பார்த்து, "ஆயில் நல்லா இருக்குதுங்க" என்று சொல்வது, முகத்தைப் பார்த்து வயிற்றுவலிக்கு மருந்து சொல்வது போலத்தான்.

"கை வைக்காதே" என்பதில் நியாயம் உண்டா?

உண்டு. ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் நின்றவர்கள் சும்மா சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்கிற காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"நிப்பிள் ஒடஞ்சுரும்" என்பது முதல் காரணம். இது முழுக்க உண்மை. இருபது வருடம் திறக்காத நிப்பிள் துருப்பிடித்து உடம்போடு ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு ஓப்பன் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் முனை மழுங்கும், அல்லது கழுத்தோடு முறிந்துவிடும். ஆயில் மாற்றப் போய்ச் சிலிண்டர் வாங்கிய கதை நிறைய உண்டு.

"பெடலை அடிவரைக்கும் மிதிச்சு ஏர் எடுத்தா கப் போயிரும்" என்பது இரண்டாவது. இது பிரேக் அனுபவத்திலிருந்து வந்த பேச்சு. பிரேக் பெடலை நாம் அன்றாடம் பாதிவரைதான் மிதிக்கிறோம். ஏர் எடுக்கும்போது அடிவரை மிதித்தால், கப் இதுவரை போகாத, துரு ஏறிய இடத்துக்குப் போய் அறுபடலாம். ஆனால் கிளட்ச் பெடலை ஒவ்வொரு கியருக்கும் அடிவரை மிதித்துத்தானே ஓட்டுகிறோம்? மேல் சிலிண்டரின் பிஸ்டன் தினமும் முழு தூரமும் போய் வருகிறது. ஆகவே இந்தப் பயம் கிளட்சுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கீழ் சிலிண்டர் விஷயம் வேறு. தானே சரிசெய்துகொள்ளும் வகைக் கிளட்சில், பிளேட் தேயத் தேயக் கீழ் சிலிண்டரின் பிஸ்டன் உள்ளே தள்ளிப் போய் நிற்கும். புது பிளேட் போட்டதும் அது வெளிப்பக்கம் நகர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். இத்தனை வருடம் கப் தொடாமல் துரு ஏறிக் கிடந்த இடம் அது. "கிளட்ச் செட்டு புதுசா போட்டேன், அடுத்த மாசமே கீழ ஒழுகுது" என்று சிலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம். பழி புது பிளேட் மேலும் மெக்கானிக் மேலும் விழுகிறது. உண்மையில் பழி காலாகாலத்தில் மாற்றாமல் விட்ட ஆயிலுக்குப் போக வேண்டும்.

"அழுக்குதான் அடைச்சுட்டு நிக்குது, புது ஆயில் வந்தா கழுவிவிட்டுரும்" என்பது மூன்றாவது. அழுக்குதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அந்தக் கப் ஏற்கெனவே போய்விட்டது என்றுதானே அர்த்தம்! அது வீட்டு வாசலில் தெரிந்தால் நல்லதா, மலைப்பாதையில் தெரிந்தால் நல்லதா?

யார் தலையில் விடியும்?

இதுவரை சொன்னதைப் புத்தகம் படித்த யாரும் சொல்லலாம். இனிச் சொல்லப் போவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

என் அப்பா காங்கேயம் பக்கத்தில் ஓர் அரிசி மில் முதலாளிக்கு டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஓட்டுவது 2004 மாடல் குவாலிஸ். அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். கிளட்ச் ஆயிலை மாற்றலாம் என்று நான் சொன்னபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "கண்ணு, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நாளைக்கு ஒழுகுச்சுன்னா, டிரைவர் மவன் படிச்சவனாட்டக் கையை வச்சுக் கெடுத்துப்போட்டான்னுதான சொல்லுவாங்க?"

அந்தப் பயம் வெறும் பயமல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு டிரைவர் அண்ணன், வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, பிரேக் ஷூ மாற்றச் சொன்னார். மறு வாரம் வீல் சிலிண்டர் ஒழுகியது. "நீ சொல்லித்தான மாத்தினோம்" என்று அந்தச் செலவை அவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் எதையும் மாற்றச் சொல்வதில்லை. ஓடுகிறவரை ஓட்டுகிறார், நின்றால் போன் போடுகிறார். நிறைய டிரைவர்களின் வாயில் "கை வைக்காதே" என்ற வார்த்தை இப்படித்தான் வந்து உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். அது அறியாமை அல்ல. செலவு யாருடையது என்று முடிவாகாத இடத்தில் ஏழை எடுத்துக்கொள்கிற பாதுகாப்பு அது.

அதனால் நாங்கள் வேறு மாதிரி போனோம். முதலில் பார்த்தோம். பெடலுக்கு மேலே, தகரச் சுவர் ஓரம் கையை விட்டுத் தடவினோம், ஈரம் இல்லை. கீழ் சிலிண்டரின் ரப்பர் பூட்டை ஒதுக்கிப் பார்த்தோம், காய்ந்திருந்தது. டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுப் பதினைந்து நாள் விட்டோம், மட்டம் இறங்கவில்லை. அதன் பிறகு அப்பாவும் நானும் முதலாளியிடம் போய், மாற்றினால் என்ன லாபம், என்னென்ன கெடலாம், கெட்டால் என்ன செலவு என்று மூன்றையும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டு, "வண்டி என்னுது, செலவும் என்னுது. ஒழுகுனா உங்கப்பா சம்பளத்துல கை வைக்க மாட்டேன். பார்த்துச் செய்யுங்க" என்றார். கீழ் சிலிண்டருக்கு ரிப்பேர் கிட் ஒன்றை, தேவைப்படாவிட்டால் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி முன்கூட்டியே வாங்கி வைத்தோம்.

எனக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த மெக்கானிக் மாமாதான் நிப்பிளைத் திறந்தார். மூன்று நாள் மாலையும் துரு இளக்குகிற ஆயிலை விட்டு ஊற வைத்து, ரிங் ஸ்பானர் போட்டு, கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தினார். 'முதலில் இறுக்கு' என்ற அந்தப் பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. முதலில் வந்தது காபி டிகாஷன் மாதிரி இருந்தது. கால் லிட்டர் போன பிறகுதான் நிறம் தெளிந்தது.

பெடலில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. "இதுக்கா இத்தனை பாடு?" என்று அப்பா சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வந்தபோது, அடிக்கு அடி கியர் மாற்றுகிற அந்தப் பாதையில், "கிளட்சப் பத்தி நினைக்கவே இல்லடா" என்று அவரே சொன்னார். கிட் கடைக்குத் திரும்பிப் போனது.

முடிவெடுக்கும் முறை

'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியருக்கு ஒரு வரிசை சொல்கிறார். நோய் என்ன, அதன் காரணம் என்ன, தீர்க்கும் வழி என்ன என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது மெக்கானிக்குக்கும் பொருந்தும். யாராவது உங்களைக் கேட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. மட்டம் இறங்குகிறதா? பிரேக் டப்பாவில் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. கிளட்சில் அந்தச் சாக்குக் கிடையாது. தானே சரிசெய்துகொள்ளும் வகையில் பிளேட் தேய்ந்தால் மட்டம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். தனி டப்பாவில் மட்டம் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. புது ஆயில் அதற்கு மருந்தல்ல. சிலிண்டரையோ ஹோஸையோ முதலில் சரி செய்யுங்கள்.

2. பெடல் தொளதொளவென்று இருக்கிறதா, ரிவர்ஸ் போடும்போது கியர் கடிக்கிறதா? காற்று புகுந்திருக்கலாம், கப் தேய்ந்திருக்கலாம், பிளேட்டிலேயே கோளாறு இருக்கலாம். காரணம் தெரியாமல் ஆயிலை மட்டும் மாற்றி, "சரியாயிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

3. ஒழுகல் இல்லை, பெடல் நன்றாக இருக்கிறது, ஆயில் மட்டும் கறுப்பு. மாற்ற வேண்டிய வண்டி இதுதான்! எல்லாம் நன்றாக இருக்கும்போது மாற்றினால்தான் பலன். பல கம்பெனிகள் பிரேக் ஆயிலுக்கு இரண்டு வருடக் கெடு சொல்கின்றன. அதே நாளில் கிளட்சுக்கும் மாற்றிவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டாம்.

4. நிப்பிள் அசையவே இல்லையா? வீரம் காட்டாதீர்கள். சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றி, சில நாள் ஓட்டியபின் மறுபடியும் அதையே செய்யுங்கள். அரை வைத்தியம்தான். கீழ் அழுக்கு முழுதும் போகாது என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். சிலிண்டர் மாற்றுகிற அன்றைக்கு முழுதாகச் செய்துகொள்ளலாம்.

மாற்றும்போது இரண்டு மூன்று விஷயங்கள் மறக்கக் கூடாது. டப்பா மூடியில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, அதை இதோடு கலக்கவே கூடாது. சீல் உடைத்து மாதக்கணக்கில் கிடந்த டப்பா வேண்டாம், அது ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலை மிதித்துப் பிடித்திருக்கையில் நிப்பிளைத் திறந்து, பெடலை விடுவதற்கு முன்பே மூடுங்கள். மேல் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். அரை லிட்டர் டப்பா ஒன்று தாராளம். சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும்தான் செலவு.

நாம் எதற்குப் படிக்கிறோம்?

நண்பர்களே! நம்மில் பாதிப் பேரின் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. நம் அப்பா அம்மாவுக்கு நம் பேச்சின் மேல் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதே சமயம், நாம் ஒரு வார்த்தை சொன்னால் அதன் விளைவை அவர்கள்தான் சுமக்கிறார்கள். ஆகவே புத்தகத்தைக் காட்டி ஜெயிப்பது நமக்குப் பெருமை அல்ல. முப்பது வருடக் கை அனுபவத்தை "படிக்காதவர் பேச்சு" என்று ஒதுக்குவதும் பெருமை அல்ல. அவர் பயப்படுவதில் எது உண்மை, எது வேறு வண்டியிலிருந்து வந்த பயம் என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குத்தான் டிப்ளமோ.

வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் டிரைவர் ஒரு வேலையை முன்கூட்டியே செய்யச் சொன்னால், செலவு உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை கிடைக்காததால் கறுத்துப்போன ஆயிலோடு ஓடுகிற வண்டிகள் எத்தனையோ!

ஓடுகிற வண்டியில் கை வைக்கலாம். கண்ணை முதலில் வைத்து, வாயால் உள்ளதைச் சொல்லி, கடைசியில் கையை வைப்போம்!